மார்க்கெட்டிங் ஒரு பொருளின் மதிப்பை எப்படிக் கூட்டுகிறது? ஒரு குடையை வைத்துக் கணக்குப் போடுவோம்

மதிப்பு முழுவதும் தொழிற்சாலையிலேயே உருவாகிவிடுகிறது, மார்க்கெட்டிங் வெறும் மேல்பூச்சு என்று நினைப்பவர்கள் நிறைய. ஒரு தாளும் பேனாவும் எடுங்கள், சரிபார்த்துவிடலாம். எண்களெல்லாம் உதாரணத்துக்குத்தான்.

படி 1: மூன்று எண்களை எழுதுங்கள்

குடையின் அடக்கவிலை 40. வாங்குபவர் அதிகபட்சம் கொடுக்கத் தயாராக இருப்பது 100. விற்கும் விலை 70.

உருவான மதிப்பு 100 - 40 = 60. விலை அந்த 60-ஐ இருவருக்கும் பங்கு போடுகிறது, அவ்வளவுதான். விலையை 80 ஆக்கினால் விற்பவர் பங்கு கூடும், மதிப்பு அதே 60-தான். புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். மதிப்பு கூட வேண்டுமென்றால் 100 ஏற வேண்டும், அல்லது 40 இறங்க வேண்டும். இல்லாவிட்டால், நடக்காமல் போகும் விற்பனை நடக்க வேண்டும்.

படி 2: இடம், காலம், உடைமை

கிடங்கில் கிடக்கும் குடை மழையில் நனைபவருக்கு உதவாது. அதையே அவர் நிற்கும் இடத்தில், மழை பெய்யும் நேரத்தில் கிடைக்கச் செய்தால் 100 தானாக ஏறும். பாடப்புத்தகங்கள் இதை இடப் பயன்பாடு, காலப் பயன்பாடு என்கின்றன.

விநியோகச் செலவைக் குறைப்பதும் இதே வேலைதான். 1956-இல் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 கன்டெய்னர்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனது. பெட்டிக்குள் இருந்த சரக்கு மாறவில்லை. அதை ஏற்றி இறக்கும் செலவு பிற்பாடு அடியோடு சரிந்தது.

உடைமை என்பது பொருளைச் சொந்தமாக்கிக்கொள்வதை எளிதாக்குவது. அதற்கு உதாரணம் சிங்கர் தையல் மெஷின். மொத்தப் பணமும் ஒரே நேரத்தில் புரட்ட முடியாத குடும்பங்களுக்கு 1850-களிலேயே அதைத் தவணையில் கொடுத்தார்கள்.

படி 3: சந்தேகத்துக்கு விலை போடுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. நல்ல குடை 100 பெறும், மட்டமானது 20. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. எது எதுவென்று தெரியாதவர், பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்து 60-க்கு மேல் தர மாட்டார். உங்கள் விலையோ 70. குடை நல்லதுதான், ஆனாலும் விற்காது! ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்துக் காட்டியது இந்தச் சிக்கலைத்தான். 2001-இல் பொருளாதார நோபல் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

இப்போது "ஓராண்டுக்குள் கம்பி உடைந்தால் புதுக் குடை" என்று உத்தரவாதம் கொடுங்கள். நல்ல குடை செய்பவருக்கு அதனால் குடைக்கு 5 செலவாகலாம். மட்டமானது செய்பவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் அந்த வாக்கை நம்ப முடிகிறது. அடக்கம் 45, மதிப்பு 55. உத்தரவாதம் இல்லாதபோது விற்பனையே இல்லை, மதிப்பு பூஜ்யம்.

படி 4: கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

ஒரு குடைக்கு 15 விளம்பரச் செலவு, அதனால் வாங்குபவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை ஏறியது 10 என்றால் 5 நஷ்டம். அதே தரத்தில் விற்கும் போட்டியாளரின் வாடிக்கையாளரை இழுத்து வந்தால் உங்கள் கல்லா நிறையும். மொத்தத்தில் புது மதிப்பு எதுவும் இல்லை. பொய் சொல்லி 100-ஐ 130 ஆக்கினாலோ, முதல் மழையிலேயே அது கீழே இறங்கிவிடும்.

படி 5: உங்கள் பொருளுக்குப் போடுங்கள்

விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களிடம் காரணம் கேளுங்கள். தூரம், நேரம், பணம், சந்தேகம் என நான்கு கட்டங்களில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டம் நிறைகிறதோ அங்கே முதலில் செலவிடுங்கள். சந்தேகக் கட்டம் நிறைந்தால் விலையைக் குறைக்க அவசரப்படாதீர்கள். அதைப் பார்த்தே சந்தேகம் இன்னும் கூடலாம்.