டூப்ளெக்ஸ் வீட்டை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது அப்பார்ட்மென்ட்டின் மேல்தளங்களில் டூப்ளெக்ஸ், அதாவது உள்ளேயே படி வைத்த இரண்டு மாடி வீடு கட்டுகிறார்கள். கிரயத்துக்கு முன்னால் ஒருமுறை அளந்து தரச்சொல்லி எங்களைக் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் லேசர் மீட்டரோடு போய், அந்த வயதில் நாங்கள் செய்த அதே தப்புகளைச் செய்துவிட்டு வருகிறார்கள். டேப்பைத் தொய்வாகப் பிடிப்பது, 10 அடி 6 அங்குலத்தை 10.6 என்று எழுதுவது போன்றவற்றை மேஸ்திரியே திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கீழ்மாடி அளவையே மேல்மாடிக்கும் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பல டூப்ளெக்ஸ்களில் ஹாலின் கூரை இரண்டு மாடி உயரத்துக்குப் போகும். மேல்மாடியில் அந்த இடத்தில் தளமே கிடையாது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தால் கீழே ஹால் தெரியும். ஆனால் வெளிச்சுவர் இரண்டு மாடிக்கும் ஒன்றுதானே என்று கீழே அளந்ததை இரண்டால் பெருக்கிவிடுகிறார்கள்.

காளப்பட்டிப் பக்கம் ஒரு வீடு. வாங்குபவர் திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறவர். ஹால் 14க்கு 18 அடி. மேலே ஒரு ஓரமாக மூன்றரை அடி அகலத்துக்கு நடைபாதை. மீதி 14க்கு பதினாலரை, அதாவது 203 சதுர அடி, வெறும் காற்று. பில்டர் தந்த தாளில் அதுவும் மேல்மாடிப் பரப்பில் ஏறியிருந்தது. நம்ம பையனும் அதே மாதிரி பெருக்கிவிட்டு, “ரெண்டு கணக்கும் ஒத்துவருதுங்க” என்று சொல்லிவிட்டான். வாங்குபவரின் வீட்டம்மாதான் மேலே கம்பி ஓரம் நின்று கேட்டார்: “ஏனுங் தம்பி, இந்த எடத்துல காலே வெக்க முடியாது. இதுக்குமுங்களா காசு?”

கார்பெட் ஏரியாவுக்கு, அதாவது வீட்டுக்குள் பயன்படும் தளப்பரப்புக்கு, சதுர அடி ₹8,000 என்று பேசியிருந்தார்கள். 203 சதுர அடிக்கு ₹16,24,000. கிரயத்துக்கு முன்பே பிடிபட்டதால் விலையைத் திருத்தினார்கள். பிடிபடாமல் போயிருந்தால் அதோடும் முடிந்திருக்காது. பராமரிப்புக் கட்டணமும் சதுர அடிக் கணக்குத்தான். அடிக்கு ₹4 வைத்தாலும் இல்லாத தளத்துக்கு மாதாமாதம் ₹812 கட்டிக்கொண்டிருக்க வேண்டும். சம்பாதித்த காசை எண்ணி எண்ணிச் சேர்த்து வீடு வாங்குகிற குடும்பத்துக்கு, அளக்கப் போன ஆளே இப்படிச் செய்யலாமா?

2016ஆம் ஆண்டு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2(கே) பிரிவு கார்பெட் ஏரியாவை நிகரப் பயன்பாட்டுத் தளப்பரப்பு என்கிறது. வெளிச்சுவர், குழாய்கள் இறங்கும் சர்வீஸ் டக்ட், தனிப் பால்கனி அல்லது வராந்தா, தனித் திறந்த மாடி இவை கழியும். உள்சுவர்கள் சேரும். ஹாலுக்கு மேலுள்ள வெற்றிடத்தைப் பற்றி அந்த வரியில் பேச்சில்லை, அதனால்தான் வாதம் வருகிறது. தளம் இல்லாத இடத்துக்குத் தளப்பரப்பு எங்கிருந்து வரும் என்று அங்கேயே கேளுங்கள். வெற்றிடம் எத்தனை சதுர அடி என்று ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

இதைத் தெரிந்துகொண்ட சிலர் எதிர்ப்பக்கம் போய், முழு ஹாலையும் கழித்துவிடுகிறார்கள். அதே வீட்டில் அப்படிச் செய்தால் நடைபாதையின் 49 சதுர அடி காணாமல் போகும். மேல்மாடியை மேலே நின்றுதான் அளக்க வேண்டும். கம்பி வரைக்கும் போதாது, தளம் முடிகிற விளிம்பு வரைக்கும் அளக்க வேண்டும்.

உள்படிக்கட்டை இரண்டு மாடியிலும் எண்ணுவது

ஒருமுறைதான். கீழே சேர்த்தால் மேலே அந்தத் திறப்பைக் கழியுங்கள்.

அறை அறையாக அளந்து கூட்டுவது

அறைகளின் உள்ளளவை மட்டும் கூட்டினால் நடுவிலுள்ள தடுப்புச் சுவர்கள் விட்டுப்போகும். சட்டப்படி அவை சேர வேண்டியவை. இரண்டு மாடியிலுமாக நாலரை அங்குலச் சுவர் 60 அடி நீளம் ஓடினால் 22.5 சதுர அடி. பூச்சையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அதை விட்டுவிட்டு, “பில்டர் ஏமாத்திட்டாருங்க” என்று வாங்குபவரிடம் சொன்னால் சண்டை வீணாக வரும், அடுத்த தடவை நம் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

பால்கனியும் மொட்டை மாடியும்

சேராது. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சேராது. தனியாக எழுதிக் கொடுங்கள்.

பிரிபடாத பாகம்

அது அப்பார்ட்மென்ட் நிற்கும் நிலத்தில் வாங்குபவருக்கு வரும் பங்கு. வீட்டின் பரப்போடு கூட்டாதீர்கள்.

டக்ட்டைக் கவனிக்காமல் விடுவது

கீழே பாத்ரூம் ஒரு மூலையிலும் மேலே இன்னொரு மூலையிலும் இருந்தால், குழாய் இறங்கும் டக்ட் படுக்கையறை ஓரமாக வரும். பலகை அடித்துப் பெயின்ட் பூசியிருப்பார்கள். அலமாரி என்று நினைத்து அதையும் பரப்பில் சேர்த்துவிடுவார்கள். தட்டிப் பாருங்கள், பிளானில் தேடுங்கள். பிறகு உங்கள் மொத்தத்தைத் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் அந்தத் திட்டத்துக்குப் பதிவான கார்பெட் ஏரியாவோடு ஒப்பிடுங்கள். சதுர மீட்டரில் இருந்தால் 10.764ஆல் பெருக்க வேண்டும். வித்தியாசம் வந்தால் எந்த மாடியில், எந்த அறையில் என்று கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் தாளை வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும்.