முதல் வீட்டுக்கடன்: அரசு மானியத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகன் கைபேசியை நீட்டினான். "அண்ணே, வீட்டு லோன் போட்டா கவர்மென்ட்ல 2.67 லட்சம் தர்றாங்களாம். நானும் போட்டுடவா?" யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அது. எத்தனை ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதோ!

அந்த 2.67 லட்சம் பொய்யில்லை, பழங்கதை. 2015இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் கடனோடு இணைந்த மானியம் என்று ஒரு பிரிவு இருந்தது. நடுத்தர வருமானக்காரர்களுக்கு 2021 மார்ச் 31-லும், குறைந்த வருமானக்காரர்களுக்கு 2022 மார்ச் 31-லும் அது முடிந்துபோனது. இப்போது நடப்பது அதன் இரண்டாம் பதிப்பான பி.எம்.ஏ.ஒய். நகர்ப்புறம் 2.0. அதில் வட்டி மானியம் ஒரு பிரிவு. 2024 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு அனுமதியாகி வழங்கப்பட்ட கடனுக்கு மட்டும்தான் இது பொருந்தும். அதற்கு முன் கடன் வாங்கியவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

தொகையும் வேறு. கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், 12 ஆண்டு வரைக்குமாகக் கணக்கிடுகிறார்கள். அதிகபட்சம் 1.80 லட்சம். அதுவும் ஒரே நாளில் வராது, ஐந்து வருடாந்திரத் தவணைகளாக வரும். ஆக, வருடத்துக்குக் கூடிப்போனால் 36,000 ரூபாய். "வட்டி 4 சதவீதம் குறைகிறது" என்று புரிந்துகொண்டு, 25 லட்சம் கடனின் மாதத் தவணை சரசரவென்று இறங்கும் என எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். வங்கி கணக்குப் போடும் தவணை வங்கியின் வட்டிக்குத்தான்.

இன்னொரு குழப்பத்தையும் சேர்த்தே தீர்த்துவிடலாம். அரசுத் திட்டம் என்பதால் வங்கி கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடன் தருவதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. உங்களுக்கு மானியம் உண்டா என்பது வேறு கேள்வி. அதற்கான கோரிக்கை வங்கி வழியாகத் தேசிய வீட்டுவசதி வங்கி, ஹட்கோ, ஸ்டேட் வங்கி ஆகிய மைய முகமைகளில் ஒன்றுக்குப் போகிறது. குறைந்த வருமானக்காரர்களுக்காக அரசு ஒரு கடன் உத்தரவாத நிதி வைத்திருக்கிறது, 2024இல் அதை 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தவும் செய்தது. ஆனால் அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான். நீங்கள் தவணை கட்டாவிட்டால் அரசு கட்டும் என்று அதற்குப் பொருளில்லை.

"குடும்பம்" என்றால் யார்?

தம்பிக்கு வயது 29, அப்போது கல்யாணமாகவில்லை. மாதச் சம்பளம் 48,000. அவன் பெயரில் வீடு கிடையாது. ஆக, தகுதி இருக்கிறது என்றுதான் அவன் நினைத்தான். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். திட்டத்தின் விளக்கப்படி குடும்பம் என்பது கணவன், மனைவி, திருமணமாகாத மகன்கள், மகள்கள். அந்தக் குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கேயும் உறுதியான நிரந்தர வீடு (பக்கா வீடு) இருக்கக் கூடாது. சித்தப்பா பெயரில் ஊரில் மாடி வீடு இருக்கிறது. கல்யாணமாகாத மகன் சித்தப்பா குடும்பத்தோடுதான் சேர்கிறான். விஷயம் முடிந்தது.

தை மாதம் கல்யாணம் ஆனதும் கணக்கு மாறியது. இப்போது அவனும் மனைவியும் தனிக் குடும்பம். ஆனால் மனைவியின் வருமானமும் கணக்கில் வருகிறது. ஆண்டுக்கு 3 லட்சம் வரை ஒரு பிரிவு, 6 லட்சம் வரை அடுத்தது, 9 லட்சம் வரை மூன்றாவது. அதைத் தாண்டினால் மானியம் இல்லை. தனியார் பள்ளியில் 22,000 வாங்கும் அவள் சம்பளத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 8.40 லட்சம். எல்லைக்குள் இருக்கிறது, மயிரிழையில். ஒரு நல்ல சம்பள உயர்வு வந்தால் வெளியே போய்விடும் என்பதால், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதும் இங்கே ஒரு தவறுதான்.

பூர்வீக வீடு இன்னும் சிக்கலானது. தாத்தா வீடு பாகம் பிரிக்காமல் கிடக்கும், கூட்டுப் பட்டாவில் எட்டுப் பேரில் ஒருவராக உங்கள் பெயரும் இருக்கும், வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு மட்டும் போவீர்கள். "அது எங்க வீடே இல்லைங்க" என்று வாயால் சொல்லலாம். சொந்த வீடு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழியில் அது செல்லாது. கையெழுத்துக்கு முன்பே வங்கியில் இதைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. கடந்த 20 ஆண்டுகளில் மத்திய, மாநில அரசு அல்லது உள்ளாட்சி வீட்டுத் திட்டம் எதிலாவது பயன்பெற்றிருந்தாலும் தகுதி இல்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு யாருக்காவது ஒதுக்கப்பட்டதா என்பதைக் குடும்பத்துக்குள் விசாரித்துவிடுங்கள்.

இரண்டு நாக்கு

நான் பார்த்ததிலேயே அபாயமான தவறு இதுதான். கடன் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக வங்கியிடம் கடை வருமானம் மாதம் 90,000 என்று சொல்வார்கள். மானியத்துக்காக ஆண்டு வருமானம் 5.50 லட்சம் என்று எழுதுவார்கள். இரண்டு தாள்களும் ஒரே கோப்பில்தான் போய்ச் சேரும். வருமான வரிக் கணக்கு மூன்றாவதாக ஒரு தொகையைச் சொன்னால் கடனே நின்றுவிடும். கடை, ஆட்டோ, தையல் என்று ரொக்கத்தில் சம்பாதிப்பவர்கள் கடன் கேட்பதற்கு இரண்டு ஆண்டு முன்பிருந்தே வரிக் கணக்குத் தாக்கல் செய்து, வரவை வங்கிக் கணக்கு வழியாக ஓடவிடுவதே வழி.

விலையிலும் இதே விளையாட்டு நடக்கிறது. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 40 லட்சம் வீட்டைப் பத்திரத்தில் 34 என்று எழுதி, மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் என்ன எழுதுவார் என்பது உங்கள் கையில் இல்லை. ரொக்கமாகத் தந்த 6 லட்சத்துக்கு ரசீதும் இல்லை; விற்றவர் பின்வாங்கினால் எந்த நீதிமன்றத்தில் கேட்பீர்கள்?

பரப்பளவில் மட்டும் தலைகீழான தவறு. தகுதி இருந்தும் விட்டுவிடுகிறார்கள். எல்லை 120 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,290 சதுர அடி. இது சுவருக்குள் நீங்கள் நடமாடும் தரைப்பரப்பான கார்ப்பெட் ஏரியா. பில்டர் விளம்பரத்தில் போடுவது மாடிப்படி, லிஃப்ட், நடைவழியில் பங்கு எல்லாம் சேர்ந்த சூப்பர் பில்ட்-அப். 1,400 சதுர அடி ஃபிளாட் என்று விளம்பரத்தில் பார்த்ததும் ஒதுக்கிவிடாதீர்கள், கார்ப்பெட் எவ்வளவு என்று கேளுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது நகர்ப்புறத் திட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சியில் சிக்கலில்லை. ஊராட்சிப் பகுதி என்றால், அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். "டவுனிலிருந்து பத்து நிமிஷம்தான்" என்று புரோக்கர் சொல்வது இதற்குப் பதிலாகாது.

இனிஷியல் படுத்தும் பாடு

சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் தம்பியின் விண்ணப்பம் மூன்று வாரம் கிடந்தது இதனால்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால். பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்து முன்னால். பள்ளிச் சான்றிதழில் 'செல்வராசு', மற்ற எல்லாவற்றிலும் 'செல்வராஜ்'. மனைவியின் ஆதாரில் அவள் அப்பா பெயரும் பிறந்த வீட்டு முகவரியும். குடும்பத்தில் எல்லோருக்கும் ஆதார் வேண்டும் என்பதால் ஒருவர் அட்டையில் பிழை இருந்தாலும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். கல்யாணமான கையோடு ஆதாரைத் திருத்துவது நம் வீடுகளில் யாருக்கும் தோன்றாத வேலை. வீடு தேடத் தொடங்கும் நாளிலேயே திருத்தத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டை மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ பதிவதையே திட்டம் விரும்புகிறது. ஆண் பெயரில் மட்டும் முன்பண ஒப்பந்தம் போட்டுவிட்டு, பத்திரத்தில் மனைவியைச் சேர்க்கலாமா என்று பிறகு அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மனைக்கட்டு வாங்குபவர்களுக்கு இது உதவும்.

கையில் எவ்வளவு வேண்டும்?

மானியத்தை முன்பணத்தில் கழித்துக் கணக்குப் போடுவதைப் பார்க்கிறேன். சில கட்டுநர்களே "மானியம் போக விலை" என்று விளம்பரம் செய்கிறார்கள். பத்திரம் பதியும் நாளில் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட உங்கள் கையில் இருக்காது.

30 லட்சத்தில் ஒரு தனி வீட்டை எடுத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை வைத்து 27 லட்சம் வாங்கினால் மானிய எல்லையான 25 லட்சத்தைத் தாண்டிவிடுவீர்கள். ஆகவே கைப்பணம் 5 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம்: 2.70 லட்சம். இந்த விலைக்கு இதை வங்கி கடனில் சேர்க்காது. 7.70 லட்சம் ஆகிவிட்டது. வக்கீல் கருத்து, மதிப்பீடு, எம்.ஓ.டி. பதிவு (பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான பதிவு), மின் இணைப்புப் பெயர் மாற்றம் இன்னும் பாக்கி. புது அடுக்குமாடியில் முதல் விற்பனை என்றால் 50 லட்சம் வரை தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 6 சதவீதம்தான். அதே விலைக்கு 90,000 மிச்சம்.

பற்றாக்குறைக்குத் தனிநபர் கடன் வாங்கி முன்பணம் கட்டுபவர்கள், அந்தத் தவணை வீட்டுக்கடன் தகுதியை எவ்வளவு குறைக்கும் என்று பார்ப்பதில்லை. ஒரே வாரத்தில் ஐந்து வங்கியில் விண்ணப்பம் போட்டால் ஒவ்வொன்றும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும். உங்கள் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

கடனோடு காப்பீட்டையும் சேர்த்து, பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே ஏற்றித் தருவதும் நடக்கிறது. 24.80 லட்சம் கடன் அப்படியே 25.30 ஆகிவிடும். அனுமதிக் கடிதத்தில் இருக்கும் மொத்தத் தொகையை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பஞ்சாயத்து அப்ரூவல் மனையை நம்பி முன்பணம் கொடுப்பதுதான் இன்னும் நிற்கவில்லை. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகார எண்ணைக் கேளுங்கள். எட்டு வீட்டுக்கு மேலான புதுத் திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள்.

கடனைச் சீக்கிரம் அடைக்கும் ஆசை

கடன் என்றாலே நமக்கு நெஞ்சில் கல். கையில் காசு வந்தால் முதலில் அதை அடைக்கத்தான் தோன்றும். இந்தத் திட்டத்தில் மட்டும் அந்த நல்ல பழக்கமே காலை வாரும். ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். பாக்கி பாதிக்குக் கீழே போய்விட்டால் மீதி மானியம் வராது.

12 லட்சம் கடன், 15 ஆண்டு, 8.5 சதவீத வட்டி என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் 11,800. மூன்று ஆண்டு முடிவில் அசல் பாக்கி சுமார் 10.6 லட்சம். அப்போது ஊர் நிலம் விற்ற பங்காக 5 லட்சம் வருகிறது. மொத்தத்தையும் கட்டினால் பாக்கி 5.6 லட்சம், பாதியான 6 லட்சத்துக்குக் கீழே. இன்னும் இரண்டு தவணை மானியம் பாக்கி என்றால் 72,000 வரை போய்விடும். பதிலாக 2.5 லட்சத்தை மட்டும் கட்டினால், வழக்கமான தவணையோடு ஐந்தாம் ஆண்டு முடிவிலும் பாக்கி 6 லட்சத்துக்கு மேலேயே இருக்கும். மற்ற 2.5 லட்சத்தை இரண்டு ஆண்டு வைப்புநிதியில் போடலாம். அதனால் வட்டியில் ஏற்படும் சிறு நட்டம் 72,000-க்குப் பக்கத்தில்கூட வராது.

வேறு வங்கியில் வட்டி குறைவு என்று கடனை மாற்றுவதற்கு முன்பும் இதே கேள்வி எழுகிறது. மாற்றினால் பழைய கடன் முடிந்துபோகிறது. பாக்கி மானியம் என்ன ஆகும் என்று இரண்டு வங்கியிலும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். தம்பிக்கு இப்போதே ஒரு வங்கியிலிருந்து வாரம் இரண்டு அழைப்பு வருகிறது. மூன்றாம் தவணை மானியம் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறான்.