லைசென்ஸ் யாருக்கு?

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் விசைப்படகு வேலையை விட்டு, ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேரப் போனேன். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர், "உன் பேருக்கு லைசென்ஸ் எடுக்கணும், மூவாயிரம் கொடு" என்றார். அப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள். கையில் ஏது காசு?

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற மாமாதான் விளக்கினார். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி லைசென்ஸ் ஏஜென்சிக்குத்தான், காவலாளிக்கு அல்ல. அதை அலுவலகத்தில் பார்வைக்கு மாட்டியிருக்க வேண்டும். நமக்கு வேண்டியது 18 வயது நிறைவு, 65-க்குள் இருப்பது, உடல்தகுதி, போலீஸ் விசாரணை, பயிற்சி. அந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரி விதிகளில் பயிற்சி வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி, குறைந்தது 20 வேலை நாள். மாமா மாதிரி ஆட்களுக்கு 40-ம் 16-ம் போதும். (அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.)

மறுநாள் போய், "அண்ணே, உங்க லைசென்ஸை முதல்ல காட்டுங்க" என்றேன். சுவரில் காலண்டர் மட்டும் தொங்கியது. மூவாயிரம் பேச்சே அப்புறம் எழவில்லை.

ராமநாதபுரத்தில் லைசென்ஸ் மாட்டியிருந்த வேறு ஏஜென்சியில் சேர்ந்தேன். பயிற்சி முடிந்து போட்டோ ஒட்டிய அடையாள அட்டை தந்தார்கள். தீயணைப்புக் கருவியைப் பிடிக்கத்தான் இரண்டு நாள் தடுமாறினேன். அப்புறம் வலை இழுத்த கைக்கு அது பொம்மை மாதிரி ஆகிவிட்டது.