ஹோஸ்டிங் விற்பவர் கிளவுட் தொழிலுக்குப் போவது எப்படி: வேலூர் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ சின்னதாக ஒரு ஆபீஸ், வெப்சைட்டுக்கான சர்வர் இடத்தை (ஹோஸ்டிங்) மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் ஒரு ரீசெல்லர் கணக்கு, ஊரில் இருக்கிற கடை, பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று கொஞ்சம் வாடிக்கையாளர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ரின்யூவல், அந்தப் பணத்துக்கும் நாலு தடவை போன் போட வேண்டும். 2019இல் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல், கணக்குக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் முறைக்கு மாறிய பிறகு கையில் நிற்பது இன்னும் குறைந்துபோனது. இப்படி ஓட்டிக்கொண்டிருக்கிற ஒருவர் அடுத்ததாக கிளவுட் விற்கலாமா என்று யோசித்தால் எங்கிருந்து தொடங்குவது? சர்வர் வாங்குவதற்கு முன்னாலிருந்து முதல் பில் போடுவது வரை வரிசையாகப் பார்ப்போம்.

எதை கிளவுட் என்கிறோம்

நிறைய பேர் வி.பி.எஸ். (ஒரு சர்வரைப் பிரித்துத் தரும் தனி மெய்நிகர் சர்வர்) விற்றுவிட்டு அதையே கிளவுட் என்று போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2011இல் இதற்கு ஐந்து குணங்களைச் சொல்லி வைத்தது: வாடிக்கையாளர் யாரையும் கேட்காமல் தானே எடுத்துக்கொள்ளலாம், நெட் வழியாக எங்கிருந்தும் கிடைக்கும், ஒரே வளத்தைப் பலரும் பகிர்வார்கள், வேண்டும்போது கூட்டலாம் குறைக்கலாம், பயன்படுத்தியது அளக்கப்படும். சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே இருக்கிற லாட்ஜ்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஷேர்டு ஹோஸ்டிங் என்பது டார்மிட்டரி, வி.பி.எஸ். என்பது தனி ரூம். ராத்திரி இரண்டு மணிக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்கினாலும் மேனேஜரை எழுப்பாமல் இன்னொரு ரூம் சாவி கைக்கு வந்தால் அதுதான் கிளவுட்.

என் பங்குக்கு ஆறாவதாக ஒன்றைச் சேர்ப்பேன்: ஒரு இயந்திரம் செத்தால் வாடிக்கையாளரின் வேலை சாகக் கூடாது. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த ஒரு நிபந்தனையை வைத்துத்தான்.

படி 1: யாருக்கு விற்கப்போகிறீர்கள்

அமேசான் 2006இலேயே இந்த வியாபாரத்தைத் தொடங்கி, 2016இல் மும்பைக்கும் 2022இல் ஹைதராபாத்துக்கும் வந்துவிட்டது. அவர்களோடு வசதியில் போட்டி போட முடியாது, விலையிலும் முடியாது. ஆனால் அவர்கள் ராணிப்பேட்டைக்கு நேரில் வந்து, பேக்கப்பில் இருந்து ஒரு ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். உங்கள் சரக்கு அதுதான்.

நம் பக்கம் வாடிக்கையாளருக்குப் பஞ்சம் இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் தோல் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு பையர் ஆடிட் வரும்போது பழைய ஆவணங்களெல்லாம் பத்திரமாக இருந்தாக வேண்டும். ஸ்கேன் சென்டர்களில் படங்கள் குவிந்துகொண்டே போகும், எதையும் அழிக்க மனசு வராது. கல்லூரிகளுக்கு ரிசல்ட் நாளில் மட்டும் பத்து மடங்கு கூட்டம். இவர்கள் எல்லோரையும்விட நான் முதலில் கைகாட்டுவது ஆடிட்டர் ஆபீஸ்களை.

ஏன் என்று சொல்கிறேன். பல ஆடிட்டர் ஆபீஸ்களில் டாலி கணக்கு மென்பொருள் ஒரு மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஓடும். ஸ்டாஃப் வீட்டிலிருந்தும் வேலை பார்க்க வேண்டும் என்று யாரோ ஒருவர் ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டிருப்பார். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் அந்தக் கதவை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர்காரர்கள் நாள் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இதையே உங்கள் கிளவுடில் ஒரு விண்டோஸ் மெஷினாக (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டராக) போட்டு, வி.பி.என். என்ற பூட்டிய தனி இணைப்பு வழியாக மட்டும் உள்ளே வரச் செய்து, தினமும் பேக்கப் எடுத்துக் கொடுத்தால் மாத வாடகை கேட்க நியாயமான காரணம் இருக்கிறது. இவர்களுக்கு மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு. அந்த இரண்டு தேதிகளை ஒட்டி உங்கள் சர்வரில் எந்தப் பராமரிப்பு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சுவரில் எழுதி ஒட்டிவைக்கலாம், தப்பில்லை.

இன்னொன்று, விண்டோஸை வாடகைக்கு விட மைக்ரோசாஃப்ட் எஸ்பிஎல்ஏ என்று தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. கடையில் வாங்கிய சாதாரண லைசென்ஸைப் போட்டு அடுத்தவருக்கு விற்கக் கூடாது. அந்தச் செலவையும் விலையில் சேர்த்துவிடுங்கள்.

படி 2: இடம்

சொந்தக் கட்டடத்தில் ஒரு ரூமுக்கு ஏசி போட்டு சர்வர் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இரண்டு தனித்தனி மின்வழி, ஜெனரேட்டர், இரண்டு கம்பெனிகளின் ஃபைபர் என்று எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும். மேலாக நம் ஊர் வெயில், கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன, அங்கே சர்வர் அடுக்கும் அலமாரியான ரேக்கில் காலோ அரையோ வாடகைக்கு எடுங்கள். வாடகை பேசும்போது இடத்தைவிட மின்சாரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும், பில்லின் பெரும்பகுதி அங்கேதான் ஏறும்.

வேலூருக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் சென்னை சுமார் 140 கிலோமீட்டர், மறுபக்கம் பெங்களூரு 200 சொச்சம். மெயின் இயந்திரங்கள் சென்னையில், பேக்கப் பெங்களூருவில் என்று வைத்தால் எங்கே எது கெட்டாலும் காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

படி 3: மென்பொருள்

ஒரு சர்வரைப் பல மெய்நிகர் மெஷின்களாகப் பிரிக்க ஒரு மென்பொருள் வேண்டும். முன்பெல்லாம் விஎம்வேர் என்றுதான் தொடங்குவார்கள். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கி, நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தி, சந்தா மட்டும்தான் என்று மாற்றிய பிறகு சின்ன ஆட்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஓப்பன்ஸ்டாக் 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து தொடங்கியது, பெரிய சாமான், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளவே ஒரு டீம் வேண்டும். இரண்டு மூன்று பேர் இருக்கிற ஆபீஸுக்கு நான் சொல்வது பிராக்ஸ்மாக்ஸ். டெபியன் லினக்ஸ் மேல் ஓடுகிறது, உள்ளே மெஷின்களை ஓட்டும் கேவிஎம், சேமிப்புக்குப் பல சர்வர்களின் டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் செஃப் அதிலேயே சேர்ந்து வருகிறது, லைசென்ஸ் காசு இல்லை. சப்போர்ட் வேண்டுமானால் சந்தா கட்டலாம், கட்டுங்கள்.

அதன் குறை என்னவென்றால் அந்தத் திரை நிர்வாகிக்காகச் செய்தது, அதை அப்படியே வாடிக்கையாளர் கையில் கொடுக்க முடியாது. ஹோஸ்டிங் பில்லிங் மென்பொருளான டபிள்யூஎச்எம்சிஎஸ் உங்களிடம் ஏற்கனவே இருந்தால் அதற்கான பிராக்ஸ்மாக்ஸ் மாட்யூலை மாட்டிவிடலாம். வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனி நெட்வொர்க், பயன்பாட்டு அளவீடு எல்லாம் முதல் நாளிலிருந்தே வேண்டும் என்றால் அப்பாச்சி கிளவுட்ஸ்டாக்கைப் பாருங்கள்.

படி 4: எத்தனை விற்கலாம்

இந்தப் படியில் அவசரப்படாமல் பேப்பர் பேனா எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரே மாதிரி மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் 256 ஜிபி ரேம், நாலு 3.84 டிபி என்விஎம்இ டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். ஏன் மூன்று? இரண்டே இருந்தால், நடுவில் கேபிள் அறுந்ததும் யார் உயிரோடு இருப்பது என்று இரண்டுக்கும் சண்டை வரும். மூன்று இருந்தால் பெரும்பான்மை முடிவு செய்யும்.

முதலில் ரேம். மொத்தம் 768 ஜிபி இருக்கிறதே என்று அவ்வளவையும் விற்றுவிடாதீர்கள். ஒரு சர்வர் விழுந்தால் மற்ற இரண்டும் எல்லா மெஷின்களையும் தூக்கிச் சுமக்க வேண்டும், ஆகவே இரண்டு சர்வரின் ரேம்தான் உங்கள் சரக்கு. அதிலும் செஃப் ஒரு டிஸ்குக்குச் சுமார் 4 ஜிபி எடுக்கும், நாலு டிஸ்குக்கு 16. சிஸ்டத்துக்கும் சேர்த்து சர்வருக்கு 30 ஜிபி ஒதுக்குங்கள். மீதி 226, இரண்டு சர்வருக்கு 452. கொஞ்சம் மூச்சுவிட இடம் வைத்து 440 ஜிபி. 4 ஜிபி மெஷினாக விற்றால் 110.

டிஸ்கில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். மொத்தம் 46 டிபி. செஃப் ஒவ்வொரு தரவையும் மூன்று சர்வரிலும் மூன்று பிரதியாக வைக்கும், ஆக உண்மையில் 15.36 டிபி. சரி, 80% வரை நிரப்பலாம் என்று நினைப்பீர்கள். ஒரு சர்வரில் ஒரே ஒரு டிஸ்க் செத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதில் இருந்த பிரதிகள் அதே சர்வரின் மற்ற மூன்று டிஸ்குக்குப் போகும், ஏனென்றால் சர்வருக்கு ஒரு பிரதிதான் இருக்க வேண்டும் என்பது விதி. நாலு டிஸ்கில் 80% இருந்தது மூன்று டிஸ்கில் 107% ஆக வேண்டும். கொள்ளாது. 95% தொட்டாலே செஃப் எழுதுவதை நிறுத்திவிடும், மொத்தக் கிளவுடும் நிற்கும். அதனால் 60%இல் கோடு போடுங்கள்: 9.2 டிபி. 110 மெஷினுக்குத் தலைக்கு 80 ஜிபி கொடுத்தால் 8.8 டிபி, கணக்கு உட்கார்ந்துவிடுகிறது.

சிபியுவை மட்டும் ஒன்றுக்கு மூன்று நாலு என்று தாராளமாக விற்கலாம், எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டமாட்டார்கள். ரேமை அப்படி விற்காதீர்கள்.

டிஸ்க் வாங்கும்போது கரண்ட் போனாலும் எழுதிக்கொண்டிருந்ததை இழக்காத, பவர் லாஸ் புரொடெக்ஷன் உள்ள என்டர்பிரைஸ் ரகம்தான். வீட்டுக் கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியை செஃபில் போட்டால் வேகம் படுத்துவிடும். சர்வர்களுக்கு இடையே 10 ஜிபிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் நெட்வொர்க் வேண்டும்.

படி 5: விலை

ரேக், மின்சாரம், பேண்ட்விட்த், சர்வர் தவணை, ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 1,80,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். 440 ஜிபியும் விற்றால் ஜிபிக்கு 409 ரூபாய். ஆனால் முதல் வருஷம் முழுசாக விற்காது. 60% விற்கும் என்று வைத்தால் 264 ஜிபி, ஜிபிக்கு 682, ஆக 4 ஜிபி மெஷினுக்கு அடக்கமே 2,727 ரூபாய். இதற்கு மேல்தான் லாபமும், 18% ஜிஎஸ்டியும்.

இந்த விலையைவிடக் குறைவாக வெறும் மெஷின் நெட்டில் எத்தனையோ இடத்தில் கிடைக்கும். அதனால்தான் வெறும் மெஷினை விற்காதீர்கள் என்கிறேன். பேக்கப், அப்டேட், வி.பி.என்., போனில் தமிழில் பேசும் ஆள், ஜிஎஸ்டி நம்பரோடு ரூபாயில் பில், எல்லாம் சேர்ந்த ஒரு பொட்டலமாக விற்றால் யாரும் ஜிபி கணக்கு கேட்பதில்லை.

படி 6: ஐபி, ஸ்பேம்

ஐபி முகவரிகளை நம் நாட்டில் ஐஆர்ஐஎன்என் என்ற பதிவகம் தருகிறது, நிக்சி என்ற இணைய அமைப்பின் கீழ் வருவது. ஒரு ஸ்லாஷ் 24 என்றால் 256 முகவரிகள்; அதைவிடச் சின்னத் துண்டை அறிவித்தால் வெளி நெட்வொர்க்குகள் பெரும்பாலும் ஏற்காது. ஆரம்பத்தில் டேட்டா சென்டர்காரரிடமே ஐபி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் இடம் மாறினால் ஐபியும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். புது மெஷின் எல்லாவற்றிலும் மெயில் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை மூடியே கொடுங்கள், கேட்பவருக்கு விசாரித்துத் திறக்கலாம். ஒரே ஒரு ஸ்பேமர் புகுந்தால் பக்கத்து ஐபிக்காரர்களின் மெயிலும் சேர்ந்து திரும்பும்.

படி 7: பேக்கப்

மூன்று பிரதி இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பார்கள். வாடிக்கையாளர் ஒரு ஃபைலை அழித்தால் அது மூன்று பிரதியிலும் ஒரே நேரத்தில் அழியும். பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை பெங்களூருவில் வையுங்கள், முதல் தடவைக்குப் பிறகு மாறிய பகுதி மட்டும்தான் போகும். மெயின் கிளஸ்டரின் (சேர்ந்து இயங்கும் மூன்று சர்வர்களின்) பாஸ்வேர்டு கிடைத்தவனால் பேக்கப்பை அழிக்க முடியாதபடி உரிமைகளைப் பிரித்து வைக்க வேண்டும். மாதம் ஒரு வாடிக்கையாளரைத் தேர்ந்து, அவர் மெஷினைத் தனியாக மீட்டெடுத்து, டாலி திறக்கிறதா, போன வாரத்து வவுச்சர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பேக்கப் வெற்றி’ என்று வரும் பச்சை டிக்கை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

படி 8: சட்டம்

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவு வி.பி.எஸ்., கிளவுட் விற்பவர்கள் எல்லோருக்கும் பொருந்தும், சின்னவர் பெரியவர் பார்க்காது. பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக், அதாவது சர்வரில் நடந்தவற்றின் பதிவுகள், 180 நாள் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, கொடுத்த ஐபி, எதற்காக வாங்கினார் என்ற விவரங்கள் அவர் போன பிறகும் ஐந்து வருஷம் இருக்க வேண்டும். வெறும் ஈமெயிலை வாங்கிக்கொண்டு மெஷின் கொடுக்கிற பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 9: வாக்குறுதியும் சோதனையும்

99.9% அப்டைம் என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம். 99.99% என்றால் நாலு நிமிடம் சொச்சம். ஒரு சர்வர் விழுந்து, கிளஸ்டர் அதை உணர்ந்து, மெஷின்கள் வேறு சர்வரில் எழும்பவே ஓரிரு நிமிடம் ஆகும், அப்புறம் விண்டோஸ் பூட் ஆக வேண்டும். மூன்று சர்வரை வைத்துக்கொண்டு 99.99% என்று எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவது.

விற்பதற்கு முன்னால் உங்கள் சொந்த வெப்சைட், பில்லிங் எல்லாவற்றையும் கிளஸ்டரில் ஏற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள். அந்த மாதத்தில் ஒரு நாள் ரேக்குக்குப் போய், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சர்வரின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்குங்கள். இன்னொரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்கை உருவுங்கள். எத்தனை நிமிடத்தில் எழுந்தது என்று குறித்துக்கொண்டு, அந்த எண்ணைத்தான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

பிறகு இப்போதிருக்கும் ஹோஸ்டிங் வாடிக்கையாளர்களில் அடிக்கடி ‘சைட் ஸ்லோ’ என்று போன் போடுபவர்களை முதலில் ஏற்றுங்கள், அவர்களுக்குத்தான் வித்தியாசம் உடனே தெரியும். ஆடிட்டர்களை 20ஆம் தேதி தாண்டியதும் போய்ப் பாருங்கள், அதற்கு முன்னால் போனால் வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். மூன்று பிளானுக்கு மேல் போடாதீர்கள். குபர்நெட்டிஸ், ஜிபியு எல்லாம் காசு கொடுத்துக் கேட்கும் ஆள் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். விலகுகிற வாடிக்கையாளருக்கு அவர் மெஷினின் டிஸ்க் இமேஜை எத்தனை நாளில், எந்த வடிவில் கொடுப்பீர்கள் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தோல் கம்பெனிக்காரர்கள் கையெழுத்துப் போடும் முன் கேட்கிற முதல் கேள்வியாக அது இருந்தாலும் இருக்கும்.