உங்கள் டீம் தோற்றுவிட்டதா? என்எஃப்எல் ஆஃப்சீசனைப் புரிந்துகொள்ள ஒரு தாள் போதும்

என்எஃப்எல் என்பது அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக். ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான இடைவெளிதான் ஆஃப்சீசன். ஜனவரி பிறந்ததும் அமெரிக்காவில் பாதி ஃபுட்பால் ரசிகர்கள் வாயில் ஒரே பேச்சுதான்: "அடுத்த சீசன்ல பாருங்க." கூடவே கோச், கேப் (சம்பள உச்சவரம்பு), பிக் (புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) என்று அடுக்குவார்கள். புதிதாக ஆட்டம் பார்க்க ஆரம்பித்தவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. நான் சிகாகோ பேர்ஸ் ரசிகன், அதனால் ஆஃப்சீசன் பார்த்தே பழகியவன். என் வழியைச் சொல்கிறேன்.

முதலில் தாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள்: கோச், பணம், ஓட்டை (டீமில் நல்ல ஆள் இல்லாத இடம்), பிக். மேலே தேதி எழுதுங்கள். தேதி முக்கியம், ஏன் என்று கடைசியில் புரியும்.

கோச் கட்டம். லீக் ஆட்டங்கள் முடிந்த மறுநாள் திங்கட்கிழமைக்கு "பிளாக் மண்டே" என்றே பெயர். வரிசையாகக் கோச்களின் சீட்டு கிழியும். புதிதாக வருபவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் பேர்ஸ் எடுத்த பென் ஜான்சன், டெட்ராய்ட் லயன்ஸில் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர். இளம் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வளர்த்தெடுக்க நினைக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

ஜெயித்தால் எல்லாப் புகழையும் கோச்சுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஹூஸ்டன் டெக்சன்ஸ் 2022இல் மூன்றே ஆட்டம் ஜெயித்தது. டெமிகோ ரயன்ஸ் கோச்சாக வந்த 2023இல் பத்து. ஆனால் அதே ஆண்டுதான் ட்ராஃப்டில் (கல்லூரி வீரர்களை டீம்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடும் வந்தார்.

பணமும் ஓட்டையும். எல்லா டீமுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 2025இல் அது 27.92 கோடி டாலர். மார்ச் நடுவில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்குச் சந்தை திறக்கும். யார் போனார், யார் வந்தார் என்று பார்த்து ஓட்டைக் கட்டத்தை அடித்துத் திருத்துங்கள். ட்ராஃப்டில் வரும் பையனுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், சம்பளமும் ஏறக்குறைய முன்பே வரையறுத்தது. நல்ல குவார்ட்டர்பேக் அப்படி மலிவாகக் கிடைத்துவிட்டால், மிச்சப் பணத்தில் மற்ற ஓட்டைகளை அடைக்கலாம். ரசிகர்கள் ட்ராஃப்டுக்கு இப்படி அடித்துக்கொள்வது அதனால்தான்.

பிக் கட்டம். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைத் தூக்கிப்போட்டு வாங்க முடியாது. ஏப்ரல் கடைசியில் மூன்று நாள், ஏழு சுற்று. கடைசி இடத்தில் முடித்த டீமுக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை ஜெயித்த டீமுக்கு 32ஆவது. ஆனால் பிக்கை விற்கலாம், மாற்றலாம், அடுத்த ஆண்டு பிக்கைக்கூட அடகு வைக்கலாம்.

பேரம் நியாயமா என்று பார்க்க, 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கோச் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான ஒரு புள்ளி அட்டவணை உண்டு. முதல் பிக் 3000, ஒன்பதாவது 1350, 61ஆவது 292. இன்றைய டீம்கள் வேறு கணக்குகளும் வைத்திருக்கின்றன, கற்றுக்கொள்ள இது போதும்.

ஒரு கணக்குப் போடுவோம். 2023இல் பேர்ஸ் தன்னிடம் இருந்த ட்ராஃப்டின் முதலாவது பிக்கை கரோலைனா பாந்தர்ஸுக்கு விற்றது. கிடைத்தவை: 9ஆவது, 61ஆவது, பாந்தர்ஸின் 2024 முதல் சுற்று பிக், 2025இன் இரண்டாம் சுற்று பிக், கூடவே டி.ஜே. மூர் என்ற ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்). அந்த ஆண்டின் இரண்டு பிக்கையும் கூட்டினால் 1642தான், பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. மிச்சம் அடுத்த ஆண்டு பிக்கில் இருந்தது. அந்த 2023 சீசனில் பாந்தர்ஸ் 17 ஆட்டத்தில் இரண்டே ஜெயித்து லீக்கிலேயே கடைசியாக வந்தது. விளைவு, 2024இன் முதல் பிக்கும் பேர்ஸ் கையில்! அதில் வந்தவர்தான் கேலப் வில்லியம்ஸ். ஆகவே அடுத்தவன் பிக் உங்கள் டீமிடம் இருந்தால், அந்த டீம் தோற்கவும் வேண்டிக்கொள்ளலாம். நான் அந்த சீசன் முழுக்க அதைத்தான் செய்தேன்.

ட்ராஃப்ட் இரவு. யாரை எடுத்தார்கள், எந்த ஓட்டைக்கு என்று மட்டும் எழுதுங்கள். மறுநாளே "ஏ பிளஸ்", "சி மைனஸ்" என்று மார்க் போடுவார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். டாம் பிரேடி 2000இல் 199ஆவது பிக். பிராக் பர்டி 2022இல் கடைசியான 262ஆவது. 2007இல் முதல் பிக்காக ரெய்டர்ஸ் எடுத்த ஜமார்கஸ் ரஸல் மூன்றே சீசன் ஆடினார்.

பிறகு? தாளை மடித்து வைத்துவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்துப் பிரியுங்கள். 2021இல் பேர்ஸ் இரண்டு முதல் சுற்று பிக் உட்பட நான்கு பிக் கொடுத்து 11ஆவது இடத்துக்கு ஏறி ஜஸ்டின் ஃபீல்ட்ஸை எடுத்தது. என் தாளில் அவர் பெயரைச் சுற்றி இரண்டு வட்டம், பக்கத்தில் "இனி பத்து வருஷம் கவலையில்லை". 2024 மார்ச்சில் அவரை பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்தது ஓர் ஆறாம் சுற்று பிக்.