உறவினர்களிடம் விசுவாசத்தைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குச் சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். குடும்பத்தில் முதல் ஆளாகக் கிறிஸ்தவரானவர்கள்தான் அதில் பெரும்பாலோர். ஞானஸ்நானம் முடிந்ததும் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே திட்டம் இருக்கும்: அடுத்த விடுமுறைக்குள் வீட்டார் அனைவரையும் கொண்டுவந்துவிடுவது. எனக்கும் ஒரு காலத்தில் அதே திட்டம் இருந்தது. என் அத்தை வீட்டார் அதை இன்னும் மறக்கவில்லை.

பிறர் வணங்கும் தெய்வத்தைப் பழிக்காதீர்கள், நரகத்தைக் காட்டி மிரட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவருக்குக் கட்டுரை போதாது. பாசத்தோடும் நல்லெண்ணத்தோடும் செய்யப்படும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

அவர்கள் நம்புவது என்ன என்று விசாரிக்காமல் பேசுவது

வகுப்புக்கு வந்த ஒரு பெண் வைணவக் குடும்பத்தில் பிறந்தவள். தன் பெரியப்பாவிடம் போய், "உங்கள் மார்க்கத்தில் எல்லாவற்றையும் மனிதனே முயன்று சம்பாதிக்க வேண்டும், எங்களிடம்தான் கிருபை இருக்கிறது" என்றாள். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகிறது. இறைவன் நம்மைக் காப்பது இதில் எந்த வகை என்று வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் பல நூற்றாண்டுகளாக வாதாடிவருவதை எடுத்துச் சொன்னார். பிறகு, "இதில் நீங்கள் எந்தக் கட்சி, அம்மா?" என்று கேட்டார். அவளுக்குப் பேச்சு எழவில்லை. பெரியப்பா சரணாகதியைப் பற்றி வாழ்நாள் முழுவதும் யோசித்தவர். அவரோடு எத்தனையோ மாலைகள் பேசியிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் அந்த வாய்ப்பு போய்விட்டது.

முஸ்லிம் உறவினரிடம், "உங்களுக்கு இயேசுவைத் தெரியாது" என்று தொடங்குபவர்களும் உண்டு. குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம், அதாவது இயேசுவின் தாய் மரியாள். இயேசுவை ஈஸா நபி என்று மதிப்பது அவர்களுடைய மார்க்கத்தின் ஒரு பகுதி. அவர் யார் என்பதிலும் சிலுவையில் நடந்தது என்ன என்பதிலும்தான் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபடுகிறது. அவர்களுடைய நம்பிக்கையை நம் தரப்பு அச்சடித்த கைப்பிரதியைப் படித்துத் தெரிந்துகொள்ளாதீர்கள். அவர்களிடமே கேளுங்கள். நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள்.

நோயாளியின் கட்டிலருகே வாக்குக் கொடுப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டுவது இதுதான்.

உறவில் ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால், ஆண்டவர் வாசலைத் திறந்துவிட்டார் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். ஓர் இளைஞன், நல்ல பையன், பக்கவாதம் வந்து கிடந்த தன் சித்தப்பாவைப் பார்க்கப் போனான். நானும் கூடப் போயிருந்தேன். சித்தி கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தார். இவன் தலைமாட்டுக்குப் போனான். யாரையும் கேட்காமல் நெற்றியில் எண்ணெய் பூசினான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரத்த குரலில் ஜெபித்தான். முடித்ததும், "அழாதீர்கள் சித்தி, இந்த வாரத்துக்குள் சித்தப்பா எழுந்து நடப்பார். ஆண்டவர் என்னோடு பேசிவிட்டார்" என்றான். சித்தி பேனாவை மூடக்கூட மறந்து அவனையே பார்த்தார். அவர் அதை நம்பிவிட்டார். கொடுமையே அதுதான்.

சித்தப்பா எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு சித்தி சண்டை போடவில்லை. "உன் ஆண்டவர் உன்னிடம் என்னதானப்பா சொன்னார்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இவன், எங்கேயோ கேட்டு வைத்திருந்த பதிலை எடுத்து நீட்டினான்: "சித்தப்பாவுக்கு விசுவாசம் வரவில்லை."

இறந்தவர் தலையிலேயே பழியைப் போட்ட அந்த வாக்கியத்தை அந்தக் குடும்பம் எப்படி மறக்கும்? அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அவனுக்குத் தகவல் வருவதில்லை. பாட்டிக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததே அவனுக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. "அவனிடம் சொல்லாதே, எண்ணெய்ப் புட்டியோடு வந்து நிற்பான்" என்பது அங்கே வாடிக்கைப் பேச்சாகிவிட்டது.

வேதத்தையாவது முழுதாகப் படிக்க வேண்டாமா? அப்போஸ்தலனாகிய பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள், அதாவது தன்னை வாட்டிய ஒரு உபாதை, நீங்க மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவிட்டுப் போனார். தன் இளம் ஊழியனான தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதினார். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வது? தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூவரும், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். அடுத்த மூச்சிலேயே, விடுவிக்காமற்போனாலும் என்றார்கள். நம் பிள்ளைகள் முன்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள்.

வாக்குக் கொடுத்தவர் அடுத்து மாத்திரையை நிறுத்தச் சொல்வார். இன்சுலினையே நம்பி உயிர்வாழும் சர்க்கரை நோயாளி அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். இதைப் பற்றி நயமாகப் பேச எனக்கு மனமில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை மருத்துவருக்கு மட்டும்தான்.

எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு அதிகாரம் அதிகாரமாக வாதாடி, கடைசியில் கடவுளிடமே கடிந்துகொள்ளப்பட்டார்கள்.

ஆகவே முதலில் இரவுத் துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுங்கள். ஜெபிக்க விரும்பினால், "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று நோயாளியிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள், அவர் பேச முடியாத நிலையில் இருந்தால் கூட இருப்பவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வெளியே தாழ்வாரத்தில் நின்று ஜெபியுங்கள். அங்கிருந்து ஜெபித்தாலும் ஆண்டவருக்குக் கேட்கும். சரி என்றால் மெல்லிய குரலில், நாலே வாக்கியத்தில், சபைக்கு வெளியே இருப்பவருக்கும் புரியும் பேச்சில் ஜெபியுங்கள். குணமாக்கும்படி கேளுங்கள். நாள் குறிக்காதீர்கள்.

"நீயும் உன் வீட்டாரும்" என்ற வசனத்தைக் காலக்கெடுவாக்குவது

இயேசுவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள் என்பது அந்த வசனம். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனுக்குப் பவுலும் சீலாவும் சொன்னது அது. அடுத்த வசனங்களையும் படியுங்கள்: அவன் வீட்டிலிருந்த அனைவருக்கும் வசனம் போதிக்கப்பட்டது, அவன் வீட்டார் அனைவரோடும் விசுவாசித்தான். ஒவ்வொருவரும் தாங்களே கேட்டார்கள். இவன் ஒருவன் நம்பியதால் மற்றவர்கள் கணக்கு தானாகத் தீர்ந்துவிடவில்லை. இதை வைத்துக்கொண்டு, "இந்த ஆண்டுக்குள் அம்மா வந்தாக வேண்டும்" என்று நெருக்கினால் அம்மாவுக்கு மூச்சு முட்டும். இயேசுவின் சகோதரர்களே அவர் ஊழியம் செய்த நாட்களில் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7ஆம் அதிகாரம் சொல்கிறது.

சடங்குக்கு வர மறுப்பதையே சாட்சி என்று எண்ணுவது

தங்கை கல்யாணத்துக்கே போகாமல் இருந்துவிட்டு, நிலைத்து நின்றேன் என்று வகுப்பில் சாட்சி சொன்னவர் உண்டு. சிலர் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டத்திலிருந்து குணமடைந்து இஸ்ரவேலின் தேவனை மட்டுமே தொழுவதாகச் சொன்ன பிறகு, தன் ராஜா ரிம்மோன் என்ற சீரியத் தெய்வத்தின் கோவிலில் தன் கைமேல் சாய்ந்து பணியும்போது தானும் குனிய வேண்டியிருக்கும், அதை ஆண்டவர் மன்னிப்பாராக என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் கேட்டான். எலிசா திட்டவில்லை, சமாதானத்தோடே போ என்றார். உங்கள் எல்லை எது என்பதை உங்கள் போதகரோடு பேசி முடிவு செய்யுங்கள். எந்தச் சடங்கில் கலந்துகொள்ள முடியாதோ, அதை நிகழ்ச்சிக்கு முன்பே வீட்டுப் பெரியவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் மறுக்காதீர்கள். மற்ற வேலைகளில் முதல் ஆளாக நில்லுங்கள்.

உறவினர் பிள்ளைகளிடம் தனியே பேசுவது

பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு கதைகூடச் சொல்லாதீர்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு வசனம் அனுப்புவது

விசாரித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொன்னார் பேதுரு. குழுவில் யாரும் கேட்கவில்லை.

உதவியோடு அழைப்பையும் சேர்த்துக் கொடுப்பது

மாமா மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதே வாரம் ஞாயிறு ஆராதனைக்கு வரச் சொன்னால், அவளால் எப்படி மறுக்க முடியும்? வந்து உட்காருவாள், நன்றிக் கடனுக்காக. நீங்களோ அதை ஆவியானவரின் கிரியை என்று சபையில் அறிவிப்பீர்கள். பணம் கொடுத்தால் அழைப்பைத் தள்ளிப் போடுங்கள், அவள் படிப்பு முடியும்வரை என்றாலும் சரி. அவளாகவே கேட்டால் அது வேறு.