வெள்ளி அசல்தான், காசு அசலா? பழைய வெள்ளிக் காசை வீட்டுலயே செக் பண்ற விதம்

பழைய வெள்ளிக் காசு ஒண்ணு கைக்கு வந்தா எல்லாரும் முதல்ல கேக்கறது "இது வெள்ளியா?"ன்னுதான். ஆனா கேக்க வேண்டியது ரெண்டு கேள்வி. உலோகம் வெள்ளியாங்கறது ஒண்ணு, அந்த வருஷம் அந்த மின்ட்ல (நாணயச் சாலையில) அடிச்ச காசுதானாங்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் நான் ஒரு 1939 பிரிட்டிஷ் இந்தியா ரூபாயை வாங்கி ஏமாந்தேன், எடை கரெக்ட், சத்தம் கரெக்ட், வெள்ளியும் கரெக்ட், கடைசியில பாத்தா அது 1938 ரூபாய், 8-ஓட கீழ் வளையத்துல இடது பக்கத்தை சுரண்டி எடுத்து 9 ஆக்கி வச்சிருக்காங்க. 1939 அரிது, 1938 அவ்வளவு அரிது கிடையாது, அதான் விஷயம்.

சரி, முதல்ல சுலபமானதை முடிச்சுருவோம். காந்தம். ஒட்டுச்சுன்னா போலி, கதை முடிஞ்சுது. ஒட்டலன்னா எதுவும் நிரூபணம் ஆகல, ஏன்னா செம்பு, பித்தளை, ஈயம் எதுவுமே காந்தத்துல ஒட்டாது. காசை சாய்ச்சு வச்சு அது மேல நியோடைமியம் காந்தத்தை விட்டா மெதுவா வழுக்கிட்டு இறங்கும்னு வீடியோல காட்டுவாங்க, உண்மைதான், ஆனா செம்புலயும் கிட்டத்தட்ட அப்படித்தான் இறங்கும். ஐஸ் கட்டி வச்சா சீக்கிரம் உருகும்ங்கறதும் அதே கேஸ்தான், செம்பும் வெள்ளி அளவுக்கு சூட்டைக் கடத்தும்.

அடுத்து எடை. இதுக்கு 0.01 கிராம் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வேணும், கூடவே ஒரு வெர்னியர் காலிப்பர். உங்க காசோட சரியான எடை, விட்டம், எத்தனை சதவீத வெள்ளிங்கறதை நியூமிஸ்டா மாதிரி கேட்லாக்ல பாத்து எழுதி வச்சுக்கோங்க. பிரிட்டிஷ் இந்தியா ரூபாய் 11.66 கிராம், அமெரிக்க மார்கன் டாலர் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர். தேஞ்ச காசு எடை குறைஞ்சிருக்கும், அது இயல்பு. ஆனா தேஞ்ச காசு எடை கூடவே கூடாது, முகமெல்லாம் வழவழன்னு தேஞ்சு போயிருக்கு, எடை மட்டும் புதுக் காசு மாதிரி இருக்குன்னா எனக்கு உடனே சந்தேகம் வந்துரும். எடை சரியா இருந்து தடிமன் ஜாஸ்தியா இருந்தாலும் அப்படித்தான், லேசான உலோகத்தைத் தடியா அடிச்சு எடையைக் கொண்டு வந்திருப்பாங்க.

இதுக்கு மேலதான் எனக்குப் பிடிச்ச டெஸ்ட், அடர்த்தி. பெரிய லேப் எல்லாம் வேணாம். தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சு ஜீரோ பண்ணிக்கோங்க, காசை மெல்லிசான நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா மூழ்கற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயோ பக்கத்துலயோ படக் கூடாது, கையில பிடிச்சபடியே தராசுல வர்ற நம்பரைப் பாருங்க. காசோட எடையை அந்த நம்பரால வகுத்தா அடர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.49, அந்த ரூபாய்ல 91.7 சதவீதம் வெள்ளி மிச்சம் செம்பு மாதிரிங்கறதால 10.34 கிட்ட வரணும், அதாவது தராசு 1.13 காட்டணும். அதே எடையில செம்புன்னா 1.30, பித்தளைன்னா 1.37 வரை போகும், வித்தியாசம் கண்ணுல அடிச்ச மாதிரி தெரியும். காசு மேல ஒரு காத்துக் குமிழி ஒட்டிட்டு இருந்தாக்கூட கணக்கு மாறிடும், தண்ணியில ஒரு சொட்டு சோப்பு விட்டுட்டா குமிழி நிக்காது. மூணு தடவை பண்ணி சராசரி எடுங்க. ரெண்டு மூணு கிராம் எடை இருக்கற குட்டிக் காசுக்கு இந்த டெஸ்ட்டை நம்பாதீங்க, 0.01 தப்புனாலே பதில் எங்கேயோ போயிடும். 1940-லேர்ந்து வந்த வெள்ளி ரூபாய்ல பாதிதான் வெள்ளி, அதுக்குப் போய் 10.34 தேடாதீங்க, அசல் காசை போலின்னு தூக்கிப் போட்டுருவீங்க.

ஈயம் கலந்து அடர்த்தியை வெள்ளி கிட்ட கொண்டு வந்துரலாமேன்னு கேட்டா, ஆமா, கொண்டு வரலாம், ஆனா அது சத்தத்துல மாட்டிக்கும். காசை விரல் நுனியில வச்சு ஒரு பென்சிலால லேசா விளிம்புல தட்டுங்க, வெள்ளின்னா மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், ஈயக் கலவை தொப்புன்னு அடங்கிடும். தரையில போட்டுப் பாக்கற வேலை வேணாம், விளிம்பு நசுங்கிடும். இன்னொண்ணு, சங்கிலியில கோர்க்க வளையம் பத்த வச்சு எடுத்த காசும், உள்ள விரிசல் விட்ட காசும் அசலா இருந்தாலும் சத்தம் வராது, அதனால சத்தத்தை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க.

இவ்வளவும் முதல் கேள்விக்குத்தான். ரெண்டாவது கேள்விக்கு பத்து மடங்கு பெருசாக் காட்டற லூப் போதும், கூட நல்ல வெளிச்சம், நிறையப் பொறுமை. அச்சுல அடிச்ச காசோட எழுத்து ஓரம் கூர்மையா எழும்பி நிக்கும், பின்னாடி இருக்கற சமதளம் வழவழன்னு இருக்கும். வார்த்து எடுத்த காசுல எழுத்து சோப்புல செஞ்ச மாதிரி மழுங்கி, தளமெல்லாம் ஊசிக் குத்துன மாதிரி பொடிப் பொடிக் குழியா இருக்கும். முகத்துல உசரமான இடம், கன்னம், முடி, இங்கெல்லாம் செவப்பா ஏதாவது எட்டிப் பாக்குதான்னு பாருங்க, எட்டிப் பாத்தா உள்ள செம்பு, மேல முலாம்.

விளிம்பை யாரும் பாக்கறதே இல்ல, நான் அங்கதான் அதிக நேரம் செலவு பண்ணுவேன். சுத்திலும் ஒரு மெல்லிசுக் கோடு ஓடுச்சுன்னா ரெண்டு பாதியை ஒட்டிருக்காங்க இல்ல வார்ப்புத் தையலை அரம் போட்டு மறைச்சிருக்காங்க. 1940-லேர்ந்து வந்த இந்திய ரூபாய்ல கள்ளக் காசைத் தடுக்கறதுக்குன்னே விளிம்புக் கோடுங்களுக்கு நடுவுல ஒரு பள்ளம் சுத்தி ஓடும், அது இல்லாத 1942-ஐ யாராவது நீட்டுனா வேணாம்னு சொல்லிருங்க. மரியா தெரசா தாலர்னு ஒரு காசு, எப்ப அடிச்சாலும் 1780-ன்னேதான் தேதி போடுவாங்க, அந்த அம்மா செத்த வருஷம் அது, 20-ஆம் நூற்றாண்டுலயும் அடிச்சிருக்காங்க, தேதியைப் பாத்துட்டு ஆஹான்னு வாயைப் பொளக்காதீங்க.

அப்புறம் தேதியும் மின்ட் எழுத்தும் (எந்த மின்ட்ல அடிச்சதுன்னு காட்டற குட்டி எழுத்து). கடைசி இலக்கத்தைச் சுத்தி மட்டும் கலர் மாறியிருக்கா, மெல்லிசாக் கீறல் இருக்கா, தளம் லேசா இறங்கியிருக்கா? என் 1939-ல 9-க்கு கீழ ஒரு நகம் பட்ட மாதிரி பள்ளம் இருந்துச்சு, அன்னிக்கு அழுக்குன்னு நெனச்சேன்.

ஒரே காசு ரெண்டு மூணு சேந்து கிடைச்சா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. தேய்மானமும் வெட்டுக் காயமும் ஒவ்வொரு காசுக்கும் தனி. ரெண்டு காசுல ஒரே எழுத்துக்குப் பக்கத்துல ஒரே வெட்டு இருந்தா ஒரு பழைய காசை வச்சு அச்சு எடுத்திருக்காங்கன்னு அர்த்தம். மார்கன் டாலர்ல 1896, 1900, 1902 தேதியில சின்ன 'ஓ' மின்ட் எழுத்து போட்ட காசுங்களை ரொம்ப வருஷம் அசல்னு கேட்லாக்லயே போட்டிருந்தாங்க, அப்புறம் மூணு வருஷத்துக்கும் பின்பக்க அச்சு ஒண்ணுதான்னு கவனிச்சப்பதான் குட்டு வெளிப்பட்டுச்சு. அதுவும் நல்ல வெள்ளியிலயே அடிச்சது, அந்தக் காலத்துல ஒரு டாலர் காசுக்குள்ள ஒரு டாலர் மதிப்பு வெள்ளியே கிடையாது, அதனால அசல் வெள்ளி போட்டு அடிச்சாலும் லாபம்.

ஒருவகைப் போலிக்கு இந்தச் சோதனை எதுவுமே தேவையில்ல. அனுமார், ராமர், லட்சுமி படம் போட்டு 1616, 1717, 1818-னு தேதியோட ஈஸ்ட் இண்டியா கம்பெனின்னு வர்ற காசுங்க, அதை கம்பெனி அடிக்கவே இல்ல. அசலே இல்லாதப்ப எதோட ஒப்பிட்டுப் பாக்கறது.

கறுப்பா இருந்தா பழசுன்னும் நம்பாதீங்க. வெள்ளி கறுக்கறது காத்துல இருக்கற கந்தகத்தால, மருந்து தடவி ஒரு மணி நேரத்துல பண்ணிரலாம், எல்லா இடமும் ஒரே சீராக் கறுத்திருந்தா எனக்கு நம்பிக்கை குறைஞ்சுரும். ஆனா சந்தேகத்துல தேய்ச்சுப் பாத்துராதீங்க, புளி, பேஸ்ட், ஆசிட் எதுவும் வேணாம், அசலா இருந்தா பாதி மதிப்பு அங்கேயே போச்சு. எக்ஸ்ரே மெஷின்ல காட்டினாலும் அது மேல்தோலைத்தான் படிக்கும், தடிமனா முலாம் போட்டா அதுவும் வெள்ளின்னுதான் சொல்லும்.

விலை ஜாஸ்தியான காசுன்னா பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி இடத்துல சர்டிஃபை பண்ணி பிளாஸ்டிக் பெட்டியில போட்டது வாங்கலாம். பெட்டியையும் டூப்ளிகேட் பண்றாங்க, அதனால நம்பரை அவங்க சைட்ல போட்டு, படம் இருந்தா அதுல இருக்கற கீறல் உங்க கையில இருக்கற காசுலயும் அதே இடத்துல இருக்கான்னு பாத்துட்டு பணம் குடுங்க.